பந்திக்கு முந்திய மாத்திரை

கோபிசெட்டிபாளையத்துக்கும் நம்பியூருக்கும் நடுவில், வாழையும் தென்னையும் சாலையோரம் வரை வந்து நிற்கிற ஓர் ஊரில் நஞ்சுண்டனின் வீடு. அந்த வீட்டுக்கு வழி சொல்வது சுலபம். அதைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், பக்கத்து ஊருக்குப் பத்திரிகை வைக்கப் போகிறவர், முகவரி தவறி வந்து கேட்டைத் தட்டிய கூரியர்க்காரர், யாராக இருந்தாலும் சரி, "ஏனுங்க, நேரம் என்ன ஆச்சு பாத்தீங்களா? ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். காலைச் சோற்றுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் இடைப்பட்ட வேளை என்று ஒன்று அவர் வீட்டில் கிடையாது. வேண்டாம் என்றால் மனுசனுக்கு முகம் சுருங்கிவிடும். சொன்னவருக்கே பாவமாகிப்போய், இலையில் உட்கார்ந்துவிடுவார்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வந்தவர் தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுவாராம். அதனால் துணைக்கு நஞ்சுண்டனும் ஓர் இலை போட்டுக்கொள்வார். ஒரே நாளில் இரண்டு விருந்தாளி வந்தால் இரண்டு இலை. "அவியளுக்குக் கூச்சம் போகோணுமல்ல புள்ள" என்பார். "ஆமாங்க, உங்களுக்குத்தான் பொறக்கும்போதே போயிருச்சே" என்பாள் மனைவி பழனாத்தாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

இப்படி ஊரை உபசரித்தே வளர்ந்த உடம்பில், ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை நோய் வந்து உட்கார்ந்தது. அவர் வீட்டுக்கு வந்து, போகிறேன் என்றே சொல்லாத ஒரே விருந்தாளி அதுதான்.

கோபியில் டாக்டர் கரோலின் என்று ஓர் இளம் பெண். பொறுமைசாலி. நஞ்சுண்டனை உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தாள்: "சோறோ, களியோ, வாழைப்பழமோ, நீங்க எதைச் சாப்பிட்டாலும் பாதிக்கு மேல ரத்தத்துல சர்க்கரையாத்தான் வந்து சேருமுங்க. உடனே கணையம் இன்சுலினை அனுப்பும். இன்சுலின் போய்ச் சதையோட கதவைத் திறந்து சர்க்கரையை உள்ள விடும். மிச்சத்தை ஈரல்ல சேத்து வெக்கும். நீங்க பட்டினி கிடக்கறப்ப, இன்சுலின் குறைஞ்சதும், ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் குடுக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கறோமே, அப்ப மூளைக்குச் சாப்பாடு போடறது ஈரல்தானுங்க."

"அப்ப ஈரல் எங்கூட்டு அம்மிணியாட்டங்க. இருக்கறப்ப எடுத்து ஒளிச்சு வெச்சு, இல்லாதப்ப குடுக்கறது" என்றார் நஞ்சுண்டன்.

"உங்களுக்கு இன்சுலின் தட்டுனாலும் கதவு லேசுல திறக்கறதில்லைங்க. தட்டித் தட்டிக் கணையமும் களைச்சுப்போச்சு. அதனால சர்க்கரை உள்ள போகாம ரத்தத்துலயே சுத்துது."

கேட்டுவிட்டு வந்த நஞ்சுண்டன் அன்றைக்கே வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டுத் துரத்தினார். டப்பாவோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, "வெசமுங்க, வெசம்! இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கப்படாது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். அடுத்த நாள் கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து நாட்டுச்சர்க்கரை மூட்டையாக வந்து இறங்கியது. காப்பிக்கு நாட்டுச்சர்க்கரை, இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகைக்கு நாட்டுச்சர்க்கரை. முன்பு ஒரு கரண்டி போட்ட இடத்தில் இப்போது இரண்டு. "நம்ம மண்ணுல வெளஞ்ச கரும்புங்க. சொந்த மண்ணு நம்மளைக் கெடுக்குமா?" என்று டாக்டரிடமே கேட்டார்.

"உங்க ரத்தத்துக்கு ஊர்ப் பாசமெல்லாம் தெரியாதுங்க. ரெண்டும் உள்ள போனா ஒண்ணுதான்" என்றாள் கரோலின். நஞ்சுண்டன் அதை நம்பவில்லை. டவுன் பொண்ணு, பாவம், அதுக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிற வாரத்தில் மட்டும் மனுசன் சந்நியாசி. கீரையும் மோரும்தான் ஆகாரம். வாழைத்தோப்பைச் சுற்றி வேகு வேகென்று நடை. வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இறங்கி இருக்கும், இவரும் மீசையைத் தடவிக்கொண்டு டாக்டர் முன்னால் உட்காருவார். ஒரு தடவை கரோலின் வேறு பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டாள். ரத்தத்தின் சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளுமாம், அந்த அணு இருக்கிறவரை உதிராதாம், அதைப் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதமாக ஆசாமி என்ன லட்சணத்தில் இருந்தார் என்று தெரிந்துவிடுமாம். தெரிந்தது. நஞ்சுண்டனுக்கு வந்த கோபம் டாக்டர் மேல் அல்ல. "என்ற ரத்தமே என்னையப் பத்திக் கோள் சொல்லுது பாரு புள்ள!" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினார்.

அந்தக் கோளுக்குப் பிறகுதான் புது மாத்திரை வந்தது. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. "இது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினை வரவெக்குமுங்க. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு மாத்திரைக்குத் தெரியாது. அதனால மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகோணும்" என்றாள் கரோலின். "சாப்பிட்டே ஆகோணும்" என்கிற பகுதி நஞ்சுண்டனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மீதியை எந்தக் காதில் வாங்கினாரோ, அந்தக் காதிலேயே விட்டுவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, மகள் புவனாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிற வரைக்கும்.

புவனா பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காங்கேயம் பக்கத்தில் ஓர் இடம் வந்தது. நஞ்சுண்டன் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார். தட்டில் மைசூர்பாகு வைத்தார்கள். "வேண்டாமுங்க, எனக்குச் சுகருங்க" என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை டாக்டர் பேச்சைக் கேட்டார். கேட்ட பலன், கொஞ்ச நாளில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிஜமான காரணம் சுற்றி வளைத்துக் காதுக்கு வந்தது. அப்பனுக்குச் சுகர், நாளைக்குப் பொண்ணுக்கும் வரும், பொறக்கிற குழந்தைக்கும் வரும், தெரிஞ்சே எதுக்கு என்று பேசிக்கொண்டார்களாம். நஞ்சுண்டன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. பழனாத்தாள் பயந்துபோனாள்.

அடுத்து வந்ததுதான் மனோஜ்குமார் ஜாதகம். புவனாவுடைய கம்பெனியிலேயே வேலை. அப்பா சென்னியப்பன் பீளமேட்டில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருக்கிறார். ஜோசியர் பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே அந்த இரண்டு ஜாதகமும் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துப் பொருந்திப்போயிருந்தன என்பது புவனாவுக்கும் மனோஜுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பழனாத்தாளுக்கு எப்போதோ தெரியும். மகள் போனில் அந்தப் பெயரைச் சொல்லாமல் சுற்றி வருகிற விதத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போது புருசன் காதில் போட்டாள். "புள்ளைக்குப் புடிச்சிருக்குதுங்க. இது தட்டிப்போச்சுன்னா அழுதுபோடுவா."

தை பிறந்ததும் சம்பந்தம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. பேச்சு முடிந்ததும் விருந்து.

நஞ்சுண்டன் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தடவை சுகர் என்கிற வார்த்தை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மாத்திரை டப்பாவை ஒளித்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷினை எங்கேயோ கொண்டுபோய் ஒளித்தார். வருகிறவர்கள் முன்னால் இனிப்பில் ஒன்று விடாமல் சாப்பிட்டுக் காட்டுவதாகவும் தீர்மானம்.

"பொய்யச் சொல்லியா புள்ளையக் கட்டிக் குடுக்கறது?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

"பொய் எங்க சொன்னேன்? கேட்டாத்தான சொல்றது? எலையில வெச்சதைத் தின்னா அது பொய்யா?"

அன்று காலை பழனாத்தாளும் புவனாவும் அடுப்படியில் மும்முரமாக இருந்தபோது, நஞ்சுண்டன் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். வாய்க்கால் பாசனக்காரருக்கு இதில் என்ன யோசனை வேண்டியிருக்கிறது? மேலே மழை எச்சாக வருகிறது என்று தெரிந்தால் மதகை முன்கூட்டியே நன்றாகத் திறந்து வைக்கிறோம் அல்லவா? இன்றைக்கு ஒப்புட்டு, கச்சாயம், ஜாங்கிரி என்று பெருவெள்ளம் வரப்போகிறது. இரண்டு மாத்திரை போட்டு வழி பண்ணிவைத்தாயிற்று. வருகிற வெள்ளத்துக்கு இடம் வேண்டுமே என்று காலைப் பலகாரத்தையும் தொடவில்லை. கேட்ட பழனாத்தாளிடம் "அப்பவே தின்னுட்டேன்" என்றுவிட்டார். சொந்த மூளையை மெச்சியபடி புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

வெள்ளத்தைக் காணோம்.

காலையிலேயே வந்துவிடுவதாகச் சொன்னவர்கள், அவிநாசி தாண்டிவிட்டோம் என்றார்கள். வெகு நேரம் கழித்துப் போன் பண்ணினால் அப்போதுதான் சேவூர். அப்புறம் நம்பியூருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறோம் என்றார்கள். வண்டியில் ஏதோ கோளாறு போல என்று நினைத்தார் நஞ்சுண்டன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தவர் சங்கதி பிறகு தெரியவரும்.

இங்கே நஞ்சுண்டனின் உடம்புக்குள் மாத்திரைகள் இரண்டும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தன. கணையத்தைப் போட்டு அடி அடியென்று அடித்தன. அதுவும் இன்சுலினை இறைத்தது. இன்சுலின் ரத்தத்தில் இருந்த சர்க்கரையை எல்லாம் அள்ளிச் சதைக்குள் தள்ளியது. அள்ளி முடித்ததும் மேற்கொண்டு வரவேண்டிய சோறு வரவில்லை. அந்த நேரத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டிய ஈரலோ, இன்சுலின் இவ்வளவு இருக்கிறதே, ஐயா இப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பார் போலிருக்கிறது என்று பேசாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் தப்பு இல்லை. கிடைத்த தகவல் அப்படி.

முதலில் பசித்தது. நஞ்சுண்டனுக்குப் பசி புதிதல்ல. ஆனால் இது வேறு மாதிரிப் பசி, உள்ளங்காலிலிருந்து பிடித்து இழுத்தது. நெஞ்சு படபடத்தது. குளிர் விடாத தை மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது என்று உடம்பு அடிக்கிற தண்டோரா அது. கூடத்து மேசையில் பட்டுத்துணி போட்டு மூடிய தட்டுகளில் இனிப்பு இருந்தது, எட்டினால் கை படுகிற தூரம்தான். ஆனால் விருந்தாளிக்கு எடுத்து வைத்த தட்டில் வீட்டுக்காரன் கை வைப்பதா? நஞ்சுண்டன் பிறந்த வீட்டில் அப்படி வளர்க்கவில்லை. துணியை ஒரு தடவை பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி வாசலுக்கே போய் நின்றார்.

ஒருவழியாகக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கிய சென்னியப்பன் கும்பிடுகூடப் போடாமல், "ஏனுங்க, பொடக்காலி எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்புறத்துக்கு ஓடினார். பின்னால் அவர் மனைவி வசந்தாமணியும் மகன் மனோஜ்குமாரும் பழத்தட்டோடு வந்தார்கள்.

இந்த இடத்தில் நஞ்சுண்டன் சொல்ல வேண்டியது, வாங்க வாங்க, வரோணுமுங்க. ஆயுசு பூரா சொல்லிப் பழகிய வாய். ஆனால் மூளை என்பது சர்க்கரையை நம்பிப் பிழைக்கிற பிராணி. அது கிடைக்காவிட்டால் என்ன பேசுகிறோம் என்றே அதற்குத் தெரியாது. நஞ்சுண்டன் வந்தவர்களை முறைத்துப் பார்த்தார். நாக்குக் குழறியது.

"யாரு நீங்க? எதுக்கு வந்தீங்க? இங்க... இங்க சோறெல்லாம் இல்லீங்க. போங்க."

பழனாத்தாளின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல் அந்த மனுசனோடு குடித்தனம் பண்ணுகிறாள். அந்த வாயிலிருந்து சோறு இல்லை என்கிற சொல் வந்து அவள் கேட்டதில்லை.

வசந்தாமணி மகனை இடித்தாள். வேர்த்து வழிகிற முகத்தையும் தள்ளாடுகிற காலையும் பார்த்தால் யாருக்கும் தோன்றுவதுதான் அவளுக்கும் தோன்றியது. "டேய், கிட்டப் போயிப் பாரு, வாடை ஏதாச்சும் வருதான்னு. காலங்காத்தாலயே போட்டிருக்கறாரு போல. பொண்ணப் பேசி முடிக்கற அன்னிக்கே இந்த லட்சணமா?"

அது பழனாத்தாள் காதில் விழுந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. குடிகாரன் என்கிற பேரை வாங்குவதா, சுகர்க்காரன் என்கிற பேரை வாங்குவதா? எந்தப் பக்கம் போனாலும் மகள் கல்யாணம் நிற்கப்போகிறது. "வெயிலுங்க, வெயில்ல நின்னுட்டு இருந்தாருங்க" என்றாள். வெளியே வானம் மூட்டமாகவே இருந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பட்டுச்சேலையோடு வந்த புவனாவுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. போய் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று ஈரம். "அப்பா, காலைல என்ன சாப்ட்டீங்க?" அவர் சும்மா விழித்தார். "மாத்திரை போட்டீங்களா?" அதற்கு மட்டும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, சக்கரத் தண்ணி கொண்டா! அப்பாவுக்குச் சுகர் எறங்கிப்போச்சு!"

"மெதுவாப் பேசு கண்ணு" என்று பழனாத்தாள் கண்ணைக் காட்டினாள்.

"எதுக்கு மெதுவா? ஆமாங்க, எங்கப்பாவுக்குச் சுகருங்க" என்று புவனா வசந்தாமணியைப் பார்த்தே சொன்னாள். "நெம்ப வருசமா இருக்குதுங்க. இன்னைக்கு மாத்திரைய ரெண்டாப் போட்டுட்டுப் பட்டினியா இருந்திருக்கறாரு. குடிக்கலீங்க. மத்ததையெல்லாம் பொறவு பேசிக்கலாமுங்க."

விருந்துச் சமையலுக்காகப் பழனாத்தாள் திருட்டுத்தனமாக வெள்ளைச் சர்க்கரை வாங்கி வைத்திருந்தாள். அதை அள்ளி டம்ளரில் கரைத்து நீட்டினால், நஞ்சுண்டன் வாயை இறுக மூடிக்கொண்டார். உலகமே மங்கலாகத் தெரிகிற அந்த நேரத்திலும் டம்ளருக்குள் இருப்பது என்ன நிறம் என்று பார்த்துவிட்டார். "வெள்ளச் சக்கரை... வெசமுங்க... நாட்டுச்சக்கரை போடுங்க..."

"செத்துப்போவீங்கப்பா! குடிங்க!" என்று கத்தினாள் புவனா. மூக்கைப் பிடிக்காத குறையாகப் புகட்டினாள். பாதி வாய்க்குள் போனது, மீதி புதுச் சட்டையில்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமே, மிஷின் எங்கே? பழனாத்தாள் அட்டாலிப் பரணில் ஏறினாள், பீரோவைக் கவிழ்த்தாள், அரிசி டிரம்மில் கையை விட்டுத் துழாவினாள். ஒளித்து வைத்தவருக்கோ தன் பெயரே ஞாபகம் இல்லாத நிலை. மனோஜ்குமார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்போதுதான் கொல்லைப்புறத்திலிருந்து திரும்பிய அப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். சென்னியப்பன் வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். அதைக் கண்டுகொள்ளாமல் பையன் காருக்கு ஓடினான். முன் சீட்டுக்கு அடியில், துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு மிஷினோடு திரும்பி வந்தான்.

"ஏனுங்க, இது யார்தூ?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

"எங்கப்பாதுங்க" என்றான் மனோஜ். "அவருக்கும் இருக்குதுங்க. மாத்திரை போடறதைப் பாத்துருவீங்கன்னு ஒரு வாரமாவே மாத்திரைய நிறுத்திப்போட்டாரு. நேத்தெல்லாம் பட்டறையில பார்ட்டின்னு லட்டு வேற. அதனாலதானுங்க வழி நெடுக நிறுத்தி நிறுத்தி வந்தோம். ஒரு பெட்ரோல் பங்கு விடலை."

சென்னியப்பன் சுவரைப் பார்த்து நின்றார். ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் போனால், சிறுநீரகத்தால் தாங்க முடியாமல் தண்ணீரோடு சேர்த்து வெளியே கொட்டும். அதைத்தான் அவர் அவிநாசியிலிருந்து இறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்தத் தாமதம்தான் இங்கே ஒருவரைச் சாய்த்திருக்கிறது. ஒருவர் மறைப்பதற்காக இரண்டு போட்டார், ஒருவர் மறைப்பதற்காக ஒன்றும் போடவில்லை. அடேங்கப்பா, என்ன பொருத்தம்!

நஞ்சுண்டனுக்கு விரலில் குத்திப் பார்த்தார்கள். நாற்பத்தி நாலு. டம்ளர் மேல் டம்ளராகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சென்னியப்பனையும் விடாமல் புவனா கையைப் பிடித்து, புது ஊசி போட்டுக் குத்தினாள். முன்னூற்று எழுபது. "ரெண்டு பேர்த்தையும் ஒரு அண்டாவுல ஊத்திக் கலக்கிப் பாதி பாதியா வெச்சாத்தான் சரியா வரும்" என்று பழனாத்தாள் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். வசந்தாமணி தன்னையறியாமல் சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனில் கரோலின் கிடைத்தாள். கால் மணி பொறுத்து மறுபடி பாருங்கள், ஏறியிருந்தால் சோறு கொடுத்து உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். "ரெண்டு மாத்திரையும் இன்னும் உள்ள வேலை பாத்துட்டுத்தான் இருக்குதுங்க. சக்கரத் தண்ணியோட விட்டா மறுபடி எறங்கிப்போயிரும். சாயங்காலம் வரைக்கும் இங்க வெச்சுப் பாக்கோணும். சோறு குடுக்காம மட்டும் வந்துராதீங்க." முன்னூற்று எழுபதுக்காரரையும் கூடவே கூட்டி வரச் சொன்னாள்.

இன்னும் ஒரு டம்ளர் போனது. கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சுண்டனுக்கு முகங்கள் தெரிந்தன. இது பழனாத்தாள், இது புவனா, இவர்கள் சம்பந்தம் பேச வந்தவர்கள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சோறெல்லாம் இல்லை, போங்க என்று தான் சொன்னதை யாரோ சொல்லக் கேட்டபோது மனுசன் துடித்துப்போனார். "நானா சொன்னேன்? நானா? ஐயோ, மன்னிச்சுப்போடுங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மிஷினில் சர்க்கரை ஏறியிருந்தது. பழனாத்தாள் இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். நஞ்சுண்டன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்புடுங்கப்பா" என்றாள் புவனா.

"எப்படி அம்மிணி சாப்புடறது? அவிய இன்னும் கை நனைக்கலியே."

சம்பந்தம் பேசி முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அது அங்கே வழக்கம். வந்தவர்கள் கை நனைக்காமல் நஞ்சுண்டன் நனைக்க மாட்டார். அது அவர் பிறவிக் குணம். பேச்சோ இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை. சுகர் என்கிற வார்த்தை வாசலைத் தாண்டி நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, இனி என்ன பேச்சு? புவனா கெஞ்சினாள். பழனாத்தாள் வைதாள். "மருவாதியிலயே செத்துப்போவீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர, கையைத் தூக்கவில்லை. அவருக்கு உள்ளே அழுகையாக வந்தது. மகளுக்குப் பிடித்த இடத்தைத் தானே கெடுத்துவிட்டோம் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நெற்றியில் மறுபடி வேர்வை அரும்பத் தொடங்கியது.

வசந்தாமணி அந்த வேர்வையைப் பார்த்தாள். புருசன் பக்கம் திரும்பினாள்.

"என்னுங்க மரமாட்ட நின்னு பாத்துட்டு இருக்கறீங்க? எலையில உக்காருங்க!"

"பேச்சு இன்னும்..." என்று இழுத்தார் சென்னியப்பன்.

"என்ன பேச்சு? நம்மூட்டுல இல்லாத சீக்கா இங்க இருக்குது? உக்காருங்கன்னா!"

சென்னியப்பன் நஞ்சுண்டனுக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பழனாத்தாள் இன்னோர் இலை போட்டாள். அவர் சொம்பை வாங்கித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினார். கை நனைந்தது.

"நானும் நனைச்சுட்டனுங்க, சம்மந்தி" என்றார். "இனியாச்சும் சாப்புடுங்க. எனக்கு ஒரு கரண்டி போதுமுங்க. கீரையை எச்சா வெய்யுங்க."

சம்பந்தம் பேசி முடிந்தது அவ்வளவு நேரத்தில்தான். தேங்காய் பழம் மாற்றியதும் தேதி குறித்ததும் இன்னொரு நாள், ஆர அமர. நஞ்சுண்டன் முதல் வாய்ச் சோற்றை எடுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதைத் துடைக்காமல் சாப்பிட்டார்.

புவனா அவர் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். பயமெல்லாம் தெளிந்து, இப்போது அவளுக்குக் கோபம் வந்திருந்தது. "எனக்காக மறைச்சீங்களாக்கும்! இவரில்லீன்னா ஊர்ல இன்னொரு மாப்பிள்ளை கெடைப்பாருங்கப்பா. நீங்க போயிட்டா இன்னொரு அப்பனுக்கு நான் எங்க போவேன்?" என்றாள். சொன்ன கையோடு தகப்பன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கார் சாவியோடு வாசற்படியில் காத்து நின்ற மனோஜ்குமார் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நீங்க நல்லாச் சாப்புடுங்க" என்றான். "ஆனா அந்த 'இவரில்லீன்னா'ங்கறதை மட்டும் அவங்களைத் திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்க."